ஆறு மில்லி

பெருந்துறை சிப்காட், ஞாயிறு மத்தியானம்.
சாயப்பட்டறையின் கொதிகலன் அணைந்து
பதினோரு மணி நேரம்.
திங்கள் விடியக் காலை ஆறுக்கு
ஆவி வந்தாக வேண்டும்.

கிழக்கேயிருந்து வந்த நாலு இஞ்சுக் குழாயும்
மேற்கேயிருந்து வந்த நாலு இஞ்சுக் குழாயும்
ஒன்றையொன்று பாராமல் நிற்கின்றன,
பாகம் பிரித்த பிறகு
ஒரே கல்யாணத்துக்கு வந்துவிட்ட
பங்காளிகள் மாதிரி.

பக்கவாட்டில் நானூறு மில்லி விலகல்.
கீழே முந்நூறு.

கிழக்குக் காண்ட்ராக்டர் தரையிலிருந்து அளந்திருக்கிறார்,
மேற்கத்தியார் மேடையிலிருந்து.
"எம்பட அளவு சரிதானுங்" என்கிறார் இவர்.
"எங்குளுதும் சரிதானுங்" என்கிறார் அவர்.
டேப்பைப் போட்டுப் பார்த்தேன்.
ரெண்டும் சரிதான்.

"ரெண்டு தொண்ணூறு பெண்டப் போட்டு
முடிச்சு உட்ரு தெய்வாத்தா" என்றார்
இஞ்சினியர் நல்லசிவம், கடிகாரத்தைப் பார்த்தபடி.
தொண்ணூறில் ஆவி முட்டும்.
தேங்கிய நீரை வாரி அடிக்கும்.
போன வருசம் மூன்றாம் லைனில்
ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்டவள் நான்.
"நாப்பத்தஞ்சு போடலாமுங்" என்றேன்.
அவர் கடிகாரத்திடமே கேட்டுக்கொண்டு
"செரி, வெசையா" என்றார்.

சாயப்பெட்டி அட்டையைக் கிழித்து
அதன் உள்பக்கத்தில் கணக்கு.
நானூறும் முந்நூறும் சேர்ந்தால்
எழுநூறு அல்ல, ஐநூறு.
கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற
அதே மூணு நாலு அஞ்சு.
ஐநூறை ஒன்று புள்ளி நாலு ஒன்று நாலால் பெருக்க
எழுநூற்றேழு.
சரிவாகப் போகிறவன் நடக்கும் தூரம் அது.
அதில் வளைவுகள் ரெண்டும்
தலைக்கு அறுபத்து மூன்றைத் தின்றுவிடும்.
மிச்சம் ஐநூற்று எண்பத்தொன்று.
வளைவைப் படுக்கையிலிருந்து
முப்பத்தேழு டிகிரி உருட்ட வேண்டும்;
பஞ்ச் அடித்துக் குறி வைத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது,
முனைக்கும் முனைக்கும் நடுவே
அறுநூற்று முப்பத்திரண்டு வேண்டும்,
இருப்பது ஐநூற்றுத் தொண்ணூறு.
சேர வேண்டுமென்றால்
ஒருவர் பின்னால் போக வேண்டும்.
யார் என்பதில் முக்கால் மணி நேரம் போனது.
காசு சுண்டினார்கள்.
மேற்கத்தியார் குழாயில் நாற்பத்திரண்டு அறுத்தோம்.
அவர் அந்தப் பக்கம் திரும்பி
டீ குடித்துக்கொண்டிருந்தார்.

துண்டைத் தூக்கி வைத்தோம்.
பொருந்தியது.
நூல் போகாத அளவுக்கு,
ரெண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு.
அழகாக இருந்தது என்றுதான் நினைத்தேன்.

பிபின் மாஜி முகமூடியை இறக்கவில்லை.
ஒடிசாக்காரன். எனக்கு அவன் பாஷை தெரியாது,
எண்கள் மட்டும் எங்களுக்குப் பொது.
மூன்று மில்லிக் கம்பி ஒன்றை
கவட்டை மாதிரி வளைத்து
மூட்டில் சொருகிப் பார்த்தான்.
நுழையவில்லை.
அடுத்த மூட்டிலும் பார்த்தான்.
பிறகு கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு
மூன்று விரல் காட்டினான்.
மறுபடியும் மூன்று.

இரும்பு உருகி அடி வரைக்கும் இறங்க
இடம் விட வேண்டும்.
முதல் வருசப் பாடம்.
நாற்பத்திரண்டு அறுக்கும்போது இந்த இடைவெளியைச் சேர்த்தவள்
துண்டுக்கு மறந்துவிட்டேன்.
ஒட்டி நின்றதைச் சேர்ந்தது என்று
நினைத்துவிட்டேன்.

ஆறு மில்லியை கிரைண்டரில் ராவினேன்.
பொறி செருப்புக்குள் விழுந்தது.
நல்லசிவம் சார் கடிகாரத்தை விட்டு
முதல் தடவையாக என் கையைப் பார்த்தார்.
ஐநூற்று எழுபத்தைந்து.
கவட்டைக் கம்பி நுழைந்தது,
பிபின் தலையை ஆட்டினான்,
முகமூடி இறங்கியது.

விடியக் காலை ஐந்தே முக்காலுக்கு வால்வைத் திறந்தார்கள்.
குழாய் ஒருமுறை முனகியது.
பிறகு சத்தமே இல்லை.
டிராப்பில் தண்ணீர் சொட்டி, வெள்ளையாய்ச் சீறியது.
பத்து மணிக்கெல்லாம் பஞ்சு சுற்றி
அலுமினியத் தகடு போட்டு மூடிவிட்டார்கள்.
முப்பத்தேழு டிகிரியை இனி
யாரும் பார்க்கப் போவதில்லை.

மாசக் கடைசியில் பில் வந்தது.
கிழக்கத்தியார் பில்லிலும் இருந்தது
ஐநூற்று எழுபத்தைந்து மில்லி சரிவுத் துண்டு, ஒன்று.
மேற்கத்தியார் பில்லிலும்.
நல்லசிவம் சார் சிரித்தார்.
எதை அடிப்பது என்று கேட்டார்.

ராவிய ஆறு மில்லியை
எந்தப் பில்லிலும் காணோம்.
அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்
தலைக்கு ஊற்றியபோது
வாளித் தண்ணீர் கறுப்பாக
ஓடிக்கொண்டே இருந்தது.